பணக்காரர்களுக்கு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வந்தாலும் தேர்தல் வந்தாலும் இந்தச் சண்டை தவறாமல் வரும். ஒரு பக்கம் "கோடீஸ்வரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடு" என்பார்கள். மறுபக்கம் "சோஷலிசம் பேசிப் பேசித்தான் நாடு நாற்பது வருஷம் பின்தங்கியது" என்பார்கள். இந்தியா இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது என்பது இரண்டு பக்கத்துக்கும் மறந்துபோகிறது. செல்வத்துக்கு வரி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு வரி, செலவுக்கு வரி, அன்பளிப்புக்கு வரி என்று எல்லாமே நம் சட்டத்தில் இருந்தன. அவை எப்படி வந்தன, ஏன் போயின, இனி என்ன செய்யலாம் என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

பணக்காரர்களுக்கு அதிக வரி போடுவதுதானே சோஷலிசம்?

இல்லை. ஆலை, சுரங்கம், வங்கி ஆகியவை யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சோஷலிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் இடையிலான அடிப்படைத் தகராறு. வரி அதற்கு அப்புறம் வரும் விஷயம். தனியார் கையில் தொழில் இருக்கும் நாட்டில்தான் பணக்காரர்களுக்கு வரி போடவே முடியும். ஜப்பானில் வாரிசுச் சொத்துக்கு 55% வரை வரி உண்டு, தென்கொரியாவில் 50% வரை, அமெரிக்காவில் 40% வரை. இந்த மூன்று நாடுகளையும் யாரும் சோஷலிச நாடு என்று சொல்வதில்லை.

அப்படியானால் இந்தியா எந்தப் பக்கம்?

1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. "சோஷலிச பாணி சமுதாயம்" என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பெரிய தொழில்கள் அரசின் கையில், மற்றவை தனியார் கையில், அவற்றுக்கும் லைசென்ஸ் என்ற ஏற்பாடு அதன்பின் இறுகியது. இதை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜியும் நம் ஊர்க்காரர்தான். "பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று அவர் சாடியது இன்றும் மேற்கோளாகப் பயன்படுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் "சோஷலிச" என்ற சொல் தொடக்கத்தில் கிடையாது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவை உறுப்பினர் கே.டி. ஷா அதைச் சேர்க்கக் கோரியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. சமூகம் எப்படி அமைய வேண்டும் என்பதை வருங்கால மக்கள் காலத்துக்கேற்ப முடிவு செய்யட்டும், இப்போதே சட்டத்தில் கட்டிப்போட வேண்டாம் என்பது அவர் வாதம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. அந்தச் சொல்லை நீக்கக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. அதே மாதம் இன்னொரு வழக்கில், தனியார் சொத்து எல்லாவற்றையும் "சமூகத்தின் பொருள் வளம்" என்று கருதி அரசு எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் இந்தியா எங்கே நிற்கிறது என்பது புரிந்துவிடும்: நலத்திட்டம் நடத்தும், சந்தையை நம்பும் நாடு.

ஒரு காலத்தில் 97.75% வருமான வரி இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1973-74இல் தனிநபர் வருமான வரிக்கு 11 படிநிலைகள் இருந்தன. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 85% வரி. அந்த வரியின்மேல் 15% கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்தால் 97.75%. அதாவது அந்த நிலையில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். செல்வ வரியையும் சேர்த்தால் சிலருக்கு வருமானத்தைவிட வரி அதிகமாகவே வந்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நம் வரி அமைப்பைச் சீர்திருத்த யோசனை கேட்டு அரசு கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞரை அழைத்தது. 1956இல் அவர் அறிக்கை கொடுத்தார். செல்வம், செலவு, அன்பளிப்பு, மூலதன ஆதாயம் (சொத்தை விற்று வரும் லாபம்) ஆகிய நான்குக்கும் வரி போடுங்கள் என்றார். கூடவே, வருமான வரியின் உச்ச விகிதத்தை 45%க்கு மேல் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். ஒருவரை நாலு பக்கமிருந்தும் அளந்தால் ஏமாற்றுவது கடினம், அதனால் விகிதம் மிதமாகவே இருக்கலாம் என்பது அவர் கணக்கு. 1957இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார், அடுத்த ஆண்டு அன்பளிப்பு வரி வந்தது. கால்டோர் கேட்ட வரிகள் எல்லாம் வந்தன, அவர் கேட்ட 45% வரம்பு மட்டும் வரவில்லை. விகிதம் ஏறிக்கொண்டே போனது. (இதே கால்டோர் இலங்கைக்கும் இதே மாதிரி யோசனை சொன்னார். அங்கேயும் 1950களின் இறுதியில் இந்த வரிகள் வந்தன.)

பலன் என்ன? நிறுவனத்தின் பெயரில் வீடு, நிறுவனத்தின் பெயரில் கார், சம்பளம் மட்டும் காகிதத்தில் குறைவு. பத்திரப் பதிவில் வெள்ளையில் இவ்வளவு, கறுப்பில் இவ்வளவு. இந்தப் பழக்கம் அந்தக் காலத்தில் வேர் பிடித்தது, இன்னும் போகவில்லை. கறுப்புப் பணம் பற்றி ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971இல் கொடுத்த இறுதி அறிக்கையே, உச்ச விகிதம்தான் ஏய்ப்புக்கு முதல் காரணம் என்றது. அப்புறம்தான் விகிதம் இறங்கத் தொடங்கியது: 1974இல் 77%, சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்த 1976இல் 66%, 1985இல் வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது 50%, 1997இல் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் 30%.

விகிதம் குறைந்ததால் வசூல் சரிந்துவிடவில்லை, நீண்ட காலத்தில் பெருகியது. ஆனால் "வரியைக் குறைத்தாலே வசூல் கூடும்" என்று இதை வைத்து முழங்குவதும் சரியல்ல. டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை) விரிந்தது, பான் எண் வந்தது, சம்பளம் வங்கி வழியாக வரத் தொடங்கியது, பொருளாதாரமே பல மடங்கு வளர்ந்தது. எல்லாம் சேர்ந்த விளைவு அது.

செல்வ வரி தோற்றுப்போனதுதானே? அப்புறம் ஏன் மறுபடியும் அதைப் பேச வேண்டும்?

தோற்றது உண்மை. ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டும். (நகராட்சிக்கு நாம் கட்டும் வீட்டு வரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீது மத்திய அரசு ஆண்டுதோறும் போட்ட வரி இது.)

1991இல் வரிச் சீர்திருத்தத்துக்காக அமைந்த ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைப்படி 1993 முதல் செல்வ வரி "உற்பத்திக்கு உதவாத" சொத்துகளுக்கு மட்டும் என்று ஆனது. நகை, கார், கூடுதல் வீடு, நகர்ப்புறக் காலிமனை, 50,000 ரூபாய்க்கு மேல் கையில் உள்ள ரொக்கம், சொந்த விமானம், படகு. இவற்றின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 1%. பங்குகள், வங்கி வைப்பு, கடன் பத்திரம், வணிக வளாகம் எல்லாம் வெளியே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி ஆண்டுகளில் வரம்பு 30 லட்சம். ஒருவர் 2 கோடி ரூபாய்க்கு நகை வைத்திருக்கிறார். அவர் 1.7 கோடிக்கு 1%, அதாவது 1.7 லட்சம் கட்ட வேண்டும். இன்னொருவரிடம் 2,000 கோடி ரூபாய்க்குத் தன் சொந்த நிறுவனத்தின் பங்குகள் இருக்கின்றன. அவர் அந்தப் பங்குகளுக்காகக் கட்ட வேண்டியது பூஜ்யம். பெரும் பணக்காரர்களின் செல்வம் எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவத்தையே விலக்கிவிட்ட வரி அது. அப்படிப்பட்ட வரி 2013-14இல் நாடு முழுக்கத் திரட்டியது 1,008 கோடி ரூபாய். வசூல் குறைவு, வசூலிக்கும் செலவு அதிகம் என்று சொல்லி நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2015 பட்ஜெட்டில் அதை ரத்து செய்தார். பதிலாக, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2% கூடுதல் வரி வந்தது.

ஜேட்லி செய்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன், அந்த வடிவில் அந்த வரி இருந்து பயனில்லை. ஆனால் ஓட்டை வலையில் மீன் சிக்கவில்லை என்பதற்காக ஆற்றில் மீனே இல்லை என்று முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்?

பணக்காரர்கள்தான் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள். மற்றவர்கள் ஒன்றுமே கட்டுவதில்லையே?

வருமான வரியை மட்டும் பார்த்தால் இதில் பாதி உண்மை இருக்கிறது. 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. பெரும்பாலான மக்களின் வருமானம் அதற்கு வெகு கீழே.

ஆனால் ஜிஎஸ்டி எல்லோரும் கட்டுகிறோம். கட்டடத் தொழிலாளியின் பிள்ளை வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 18% ஜிஎஸ்டி இருந்தது, பற்பசைக்கும் சோப்புக்கும் அதேதான். அந்த மாதம்தான் இவை 5%க்கு இறங்கின. மாதம் 15,000 சம்பாதிப்பவர் கிட்டத்தட்ட முழுவதையும் செலவு செய்துவிடுவார், அதனால் பொருள்மீது விழும் வரி அவர் வருமானத்தில் பெரிய பங்கைத் தொடுகிறது. மாதம் 15 லட்சம் சம்பாதிப்பவர் ஒரு பகுதியை மட்டுமே செலவழிக்கிறார்.

பணக்காரர்களுக்குள்ளும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் சம்பளம் வாங்கும் நிர்வாகிக்கு உச்சப் படியில் 30% வரி, அதன்மேல் 25% கூடுதல் வரி, அதன்மேல் 4% செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான துணை வரி). மொத்தம் 39%. அதே தொகையைப் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று ஈட்டியவருக்கு 12.5% வரி, கூடுதல் வரி 15%க்கு மேல் கிடையாது, 4% செஸ். மொத்தம் 14.95%. பங்கை விற்கவே இல்லை, அதன் மதிப்பு மட்டும் ஆயிரம் கோடி ஏறியது என்றால், அந்த உயர்வுக்கு வரி எதுவும் இல்லை. உழைத்துச் சம்பாதித்தால் 39, வைத்திருந்து சம்பாதித்தால் 15. சந்தையை நம்புகிறவர்களுக்கும் இது உறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு 1% பேரிடம் நாட்டின் வருமானத்தில் 22.6%, செல்வத்தில் 40.1% இருந்தது. இந்தக் கணக்கு முறையை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. நம்மிடம் செல்வத்தைப் பற்றிய நல்ல தரவு இல்லாததுதான் இந்த வாக்குவாதத்துக்கே காரணம். அதிக வருமானம் உள்ளவர்கள் வருமான வரிப் படிவத்தில் சொத்துப் பட்டியல் தருகிறார்கள், ஆனால் அதில் எழுதுவது வாங்கிய விலை. 10 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 1,000 ரூபாய் ஆகியிருந்தாலும் அங்கே 10 ரூபாய்தான்.

2019இல் கம்பெனி வரியைக் குறைத்தார்களே, அது வேலைவாய்ப்பைக் கொடுத்ததா?

2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு வரி 30%இலிருந்து 22%ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15%ஆகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே சொன்னது. ஆறே மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் விளைவைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது: 2023-24இல் தனிநபர் வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, கம்பெனி வரி சுமார் 9.1 லட்சம் கோடி. நிறுவனங்களைவிடத் தனிநபர்கள் அதிகம் கட்டும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

வாரிசு வரி இந்தியாவில் எப்போதாவது இருந்ததா?

1953 முதல் 1985 வரை இருந்தது. இறந்தவரின் சொத்து வாரிசுக்குப் போகும்போது கட்ட வேண்டிய வரி. உச்சத்தில், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85%. கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் வசூல் ஆண்டுக்கு வெறும் 20 கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே பெயர் மாற்றுவது, அறக்கட்டளை, இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற தனிக் கணக்கு, சொத்து மதிப்பின் மீது முடியாத வழக்குகள் என்று வழிகள் பல. ஒரே சொத்துக்குச் செல்வ வரிச் சட்டம், வாரிசு வரிச் சட்டம் என இரண்டு நடைமுறைகள் வாரிசுகளை அலைக்கழிக்கின்றன என்று சொல்லி வி.பி. சிங் இதை ஒழித்தார். ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் இல்லை, மாநிலங்களின் வளர்ச்சிக்குப் பணம் சேர்க்கவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

2024 தேர்தல் நேரத்தில் அமெரிக்க வாரிசு வரி பற்றி காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா பேசியதும் பெரிய களேபரம் ஆனது. அவருடைய கட்சியே விலகி நின்றது. இன்று எந்தப் பெரிய கட்சியும் இதைத் தொடத் தயங்குகிறது.

மாநிலங்களுக்கும் அந்த வரிக்கும் என்ன தொடர்பு?

வேளாண் நிலம் நீங்கலான மற்றச் சொத்துகளின் வாரிசு வரியை மத்திய அரசு வசூலித்தாலும், அந்தத் தொகை மாநிலங்களுக்கே சேர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 269ஆவது பிரிவு அன்று சொன்னது. இன்றைய நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பணக்காரர்கள் மீது கூடுதலாக வரி போட மத்திய அரசு இப்போது பயன்படுத்தும் கருவி கூடுதல் வரியும் செஸ்ஸும். 270ஆவது பிரிவின்படி இவை இரண்டும் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதிக்குழு சொன்ன 41% பங்கு மற்ற வரிகளிலிருந்துதான். 39% கட்டும் நிர்வாகியிடம் அடிப்படை வரியான 30 மட்டுமே பங்கிடும் குடத்துக்குள் விழுகிறது, மேலே உள்ள 9 முழுக்க டெல்லிக்கு. பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாம் நடத்துவது மாநிலம். என்னைக் கேட்டால், சோஷலிசமா முதலாளித்துவமா என்ற கேள்வியைவிட இதுதான் நமக்கு அவசரமான கேள்வி.

அதிக வரி போட்டால் பணக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். நார்வே 2022இல் செல்வ வரியின் உச்ச விகிதத்தை 1.1%ஆக உயர்த்தியதும் பல செல்வந்தர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த சுவிட்சர்லாந்திலும் மாகாண அளவில் செல்வ வரி உண்டு, விகிதம்தான் குறைவு. 1990இல் வளர்ந்த நாடுகளில் 12இல் செல்வ வரி இருந்தது, இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் ஓட்டத்தைப் பற்றிய பயம் கற்பனை அல்ல. ஆண்டுதோறும் கட்டும் செல்வ வரியைவிட வாரிசு வரியை நான் ஆதரிப்பதற்கு இது ஒரு காரணம்.

தென்கொரியாவைப் பாருங்கள். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020இல் இறந்தார். 12 லட்சம் கோடி வொன்னுக்கு (கொரிய நாணயம்) மேல் வாரிசு வரியை ஐந்து ஆண்டுகளில் ஆறு தவணையாகக் கட்டுவதாகக் குடும்பம் அறிவித்தது. கடன் வாங்கினார்கள், பங்குகளில் ஒரு பகுதியை விற்றார்கள். நிறுவனம் கொரியாவிலேயேதான் இருக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் பெரும் பணக்காரக் குடும்பம்தான்.

தமிழ்நாடு சோஷலிசமா, முதலாளித்துவமா?

இரண்டு அடைமொழியும் ஒட்டாது. காமராஜர் தொடங்கி எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு இங்கே, எல்லோருக்கும் ரேஷன் அரிசி இங்கே. நாட்டிலேயே தொழிற்சாலைகள் அதிகம் உள்ள மாநிலமும் இதுதான். வயிறு நிரம்பிப் பள்ளிக்குப் போன பிள்ளை ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலைக்குச் சேர்கிறது. நில உச்சவரம்பு விஷயத்தில் மட்டும் நாமும் சறுக்கினோம்: 1961இல் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970இல் 15 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தும் பினாமி பெயர்களில் நிறைய நிலம் தப்பியது.

சரி, நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

விகிதத்தை ஏற்றுவதைவிட ஓட்டைகளை அடைக்கச் சொல்கிறேன். பங்கு ஆதாயத்துக்கும் சம்பளத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைக்க வேண்டும். பெரிய சொத்துகளுக்கு மட்டும், சந்தை மதிப்பில், மிதமான விகிதத்தில் வாரிசு வரி வேண்டும். 85% வேண்டாம், 10 முதல் 20% போதும். பங்கு, நிலம், தங்கம், அறக்கட்டளை என்று எந்த வடிவுக்கும் விலக்கு கூடாது. பங்குகள் டிமேட் என்ற மின்னணுக் கணக்கில் இருக்கும் இந்தக் காலத்தில் மதிப்புப் போடுவது 1985ஐவிட எளிது. வரும் பணம் பழைய 269ஆவது பிரிவு சொன்னபடி மாநிலங்களுக்குப் போக வேண்டும்.

என் அப்பா கட்டிய வீட்டுக்கும் வரி வந்துவிடாதா?

நான் சொல்லும் முறையில் வராது. ஒரு குடும்பத்துக்கு 10 கோடி வரை முழு விலக்கு என்று வைத்தால் தாம்பரத்திலோ திருச்சியிலோ உள்ள சொந்த வீடு, அம்மாவின் நகை, வங்கியில் போட்ட சேமிப்பு எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் விலைவாசி ஏற ஏற அந்த வரம்பையும் ஏற்றிக்கொண்டே வர வேண்டும், அதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பரம்பரைத் தொழில் நடத்தும் குடும்பம் வரி கட்டுவதற்காக ஆலையை விற்க நேரக்கூடாது. அவர்களுக்கு கொரியாவைப் போல ஐந்தாண்டுத் தவணை கொடுக்கலாம், அல்லது பணத்துக்குப் பதில் பங்காகவே கட்ட அனுமதிக்கலாம்.